நான்கெல்லை எழுதிக் கொடுத்த நிலம்: செனகா மக்களின் வரைபடங்களும் கடிதங்களும்

நிலத் தகராறு என்றால் நாம் முதலில் பத்திரத்தைத்தான் கேட்போம். செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், சரியாக எழுதியிருக்கிறதா, அளவு ஒத்துப்போகிறதா, கையெழுத்துப் போட்டவருக்கு விற்க உரிமை உண்டா, பழைய வில்லங்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா. செனகா மக்களின் காகிதங்களை இந்தக் கண்ணோடு படிக்க உட்கார்ந்தால் ஒரு கட்டத்தில் தலை சுற்றிவிடும். லஞ்சம் கொடுத்து வாங்கிய கையெழுத்துகள் உள்ள காகிதம் அங்கே செல்லுபடியாகியிருக்கிறது. ஒரு எழுத்துப் பிழைகூடச் சொல்ல முடியாத காகிதம் தோற்றுப்போயிருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி, ஜெனிசி ஆற்றுப் பள்ளத்தாக்கு, அங்கிருந்து ஈரி ஏரி வரை, தெற்கே அலெகனி ஆறு: இது செனகாக்களின் நாடு. ஹோடினோஷோனி கூட்டமைப்பின் ஆறு இனங்களில் மேற்குக் கோடியில் இருந்தவர்கள் இவர்கள். கூட்டமைப்பை ஒரே நீண்ட வீடாக நினைத்தவர்கள் செனகாக்களை மேற்கு வாசலின் காவலர்கள் என்றார்கள். அலெகனி ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் ஒஹியோ. நல்ல ஆறு, அழகிய ஆறு என்று பொருள் சொல்வார்கள். ஓஹையோ என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

1771இல் கை ஜான்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆறு இனங்களின் நாட்டுக்கு ஒரு வரைபடம் வரைந்தார். நியூயார்க் ஆளுநருக்காக வரைந்தது. அதை ஒரு நாட்டின் படமாகவே பார்க்கலாம். ஊர்கள், ஆறுகள், ஏரிகள், 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் பேசி முடித்த எல்லைக்கோடு எல்லாம் உண்டு. எட்டே வருடம் கழித்து அதே நிலத்தை இன்னொரு கூட்டம் அளக்க வந்தது, இந்த முறை படையோடு.

அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, 1779 மே 31 அன்று, ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி ஜான் சல்லிவனுக்கு எழுதிய கடிதத்தை ஒருமுறையாவது முழுக்கப் படிக்க வேண்டும். சுற்றி வளைக்காத கடிதம். ஊர்களை முழுக்க அழிப்பதும், எந்த வயதினரானாலும் ஆண் பெண் பாராமல் முடிந்த மட்டும் கைதிகளைப் பிடிப்பதும்தான் உடனடி நோக்கம் என்கிறது. நிலத்தில் நிற்கும் பயிரை நாசமாக்க வேண்டும், மறுபடி விதைக்க விடக்கூடாது என்கிறது. அந்தக் கோடையில் சுமார் 40 ஊர்கள் எரிந்தன. அழித்த மக்காச்சோளம் குறைந்தது 1,60,000 புஷல் (ஒரு தானிய அளவை) என்று சல்லிவனே கணக்கு எழுதி அனுப்பினார். அதே சமயம் அலெகனி ஆற்றின் வழியாகப் பிட்ஸ்பர்க்கிலிருந்து டேனியல் பிராட்ஹெட் சுமார் 600 பேரோடு மேலேறி வந்து அங்கிருந்த செனகா ஊர்களைக் கொளுத்தினார். திரும்பியதும் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் 130 வீடுகள், 500 ஏக்கருக்கு மேல் பயிர் என்று அவரும் கணக்குக் கொடுத்தார். எரித்தவர்களின் இந்தக் கணக்குகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை, கூட்டிச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் இன்னொரு விதத்தில் இவை உதவுகின்றன: அங்கே இருந்தது காடு மட்டும்தான் என்று பிற்காலத்தில் சொன்னவர்களுக்கு எதிரான சாட்சி, ஊர்களைக் கொளுத்தியவர்களின் கையெழுத்திலேயே கிடைக்கிறது.

சல்லிவன் படையோடு பெஞ்சமின் லாட்ஜ் என்ற அளவையாளரும் நடந்தார், கையில் அளவைச் சங்கிலியோடு. படை எரித்துக்கொண்டே போக, அவர் தூரத்தை அளந்துகொண்டே போனார். கனீசஸ் ஏரிக்கு அருகே அவருடைய குழுவைச் சுட்டுத் துரத்தியும் இருக்கிறார்கள். அந்த அளவுகள் வாஷிங்டனின் புவியியலாளர் ராபர்ட் எர்ஸ்கினின் அலுவலகத்துக்குப் போய் வரைபடங்களாயின. போர் முடிந்ததும் அந்தப் பள்ளத்தாக்குக்கு நிலம் தேடி வந்தவர்களில் அங்கே படைவீரர்களாக ஒருமுறை நடந்துபோனவர்களும் இருந்தார்கள். எந்த ஏரிக்கரையில் எந்த மண் நன்றாக விளையும் என்று எரித்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

அப்புறம் வந்தது கடிதக் காலம்.

1786இல் மாசசூசெட்ஸும் நியூயார்க்கும் ஹார்ட்ஃபோர்டில் உட்கார்ந்து இந்த நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. ஆட்சி நியூயார்க்குக்கு, செனகாக்கள் எப்போதாவது விற்றால் வாங்கும் முன்னுரிமை மாசசூசெட்ஸுக்கு. பேச்சில் செனகாக்கள் இல்லை. இந்த ‘வாங்கும் முன்னுரிமை’யைத்தான் அடுத்த எழுபது வருடம் கைமாற்றிக் கைமாற்றி வியாபாரம் செய்தார்கள். 1788இல் அதை விலைக்கு வாங்கிய ஆலிவர் ஃபெல்ப்ஸும் நதானியேல் கோர்ஹாமும் ஜெனிசி ஆற்றுக்குக் கிழக்கே சுமார் 26 லட்சம் ஏக்கரைச் செனகாக்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள். ஆற்றுக்கு மேற்கே ஒரு மாவு ஆலை கட்டக் கொஞ்சம் இடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். ஆலைக்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கும்? 12 மைலுக்கு 24 மைல்! இன்றைய ரோசெஸ்டர் நகரம் அந்த ‘ஆலை மனை’யில்தான் உட்கார்ந்திருக்கிறது.

விலையிலும் தகராறு. பத்தாயிரம் டாலர் ரொக்கம், வருடத்துக்கு ஆயிரம் என்று பேசியதாகத்தான் செனகாக்களுக்கு நினைவு. காகிதத்தில் பாதிதான் இருந்தது. 1790 டிசம்பரில் கார்ன்பிளான்டர், ஹாஃப் டவுன், பிக் ட்ரீ என்ற மூன்று தலைவர்கள் ஃபிலடெல்ஃபியாவுக்கே போய், அப்போது ஜனாதிபதியாகியிருந்த வாஷிங்டனிடம் முறையிட்டார்கள். அவர்கள் கொடுத்த உரைதான் இந்தக் குவியலிலேயே கனமான காகிதம் என்பேன். உங்கள் படை எங்கள் நாட்டுக்குள் வந்தபோது உங்களை ஊரழிப்பவர் என்று அழைத்தோம், இன்றைக்கும் உங்கள் பெயரைக் கேட்டால் எங்கள் பெண்கள் திரும்பிப் பார்த்து வெளிறிப்போகிறார்கள், பிள்ளைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பேசியது செனகா மொழி, நம் கைக்கு வந்தது ஆங்கிலக் காகிதம், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். எந்தச் சொல்லை எந்தச் சொல்லாக மாற்றினார்கள் என்பது காகிதத்தில் தெரியாது. ஆனால் வாதத்தின் எலும்புக்கூடு மொழிபெயர்ப்பில் தொலையவில்லை: நிலத்தை எங்களிடமிருந்து வாங்கியதாகச் சொல்பவர்களுக்கு அதை விற்கும்படி எங்களை நெருக்க உரிமை கொடுத்தது யார்?

அந்த மாதம் 29ஆம் தேதி வாஷிங்டன் பதில் எழுதினார். மத்திய அரசின் அதிகாரத்தின் கீழ் பொதுவில் நடக்கும் ஒப்பந்தத்தில் அல்லாமல் எந்த மாநிலமும் எந்த ஆளும் உங்கள் நிலத்தை வாங்க முடியாது, நீங்கள் ஏமாற்றப்படுவதற்கு இந்த அரசு ஒருபோதும் சம்மதிக்காது. அந்த வருடம்தான் அதற்கான சட்டமும் வந்திருந்தது. ஃபெல்ப்ஸ் விற்பனையை மட்டும் அவர் தொடவில்லை. அது தன் ஆட்சிக்கு முந்தையது, குறையிருந்தால் நீதிமன்றம் இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார். இனிமேல் பார்த்துக்கொள்கிறேன், நடந்தது நடந்ததுதான். இந்தத் தொனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 171 வருடம் கழித்து இன்னொரு கடிதத்தில் மறுபடி கேட்கும்.

செக்குபந்தி

1794 நவம்பர் 11, கனன்டேகுவா. டிமோதி பிக்கரிங் அமெரிக்க அரசின் சார்பில் கையெழுத்திட்டார், எதிரே ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைவர்கள். இந்த ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு ஒரு அசல் செக்குபந்தி. ஒன்டாரியோ ஏரியில், ஃபெல்ப்ஸுக்கு விற்ற நிலத்தின் வடமேற்கு மூலையில் தொடங்கு. ஏரிக்கரையோடு மேற்கே போ. நயாகரா கோட்டைக்குச் சுமார் 4 மைல் கிழக்கே ஜான்சன் இறங்குதுறையில் சேரும் ஓடை வரை. அந்த ஓடையில் ஏறி, நயாகரா ஆற்றுப் பக்கம் வந்து, ஈரி ஏரிக்கரையோடு பென்சில்வேனியாவுக்குக் கொடுத்த முக்கோணத் துண்டின் மூலை வரை. அங்கிருந்து நேர் தெற்கே, பிறகு நேர் கிழக்கே, பிறகு ஃபெல்ப்ஸ் கோட்டோடு வடக்கே தொடங்கிய இடத்துக்கு. கையில் ஒரு பென்சில் இருந்தால் இன்றைக்கும் நீங்களே வரைந்துவிடலாம். வரைந்த கோட்டுக்குள் இருப்பதெல்லாம் செனகாக்களின் சொத்து, அமெரிக்கா இதற்கு ஒருபோதும் உரிமை கோராது, அவர்களாக விற்க விரும்பும் வரை அது அவர்களுடையதே என்று முடிகிறது அந்தப் பிரிவு.

இதில் ஓட்டை எங்கே? நான் தேடிப் பார்த்தேன், இல்லை. ‘அவர்களாக விற்க விரும்பும் வரை’ என்பது நிலம் வாங்க வருபவருக்கு விட்ட ஒரு கதவுதான், ஆனால் அதைத் திறக்கும் கை செனகாக்களின் கை.

மூன்றே வருடத்தில் அந்தக் கதவைத் தட்டினார்கள். 1797 செப்டம்பரில் ஜெனிசி ஆற்றங்கரையில் பிக் ட்ரீ என்ற இடத்தில் பேச்சு நடந்தது. முன்னுரிமையை வாங்கி வைத்திருந்த ராபர்ட் மாரிஸ் கடனில் மூழ்கிக்கொண்டிருந்ததால் வெளியே தலைகாட்ட முடியாமல் மகன் தாமஸை அனுப்பினார். ஒரு லட்சம் டாலருக்கு மேற்கு நியூயார்க்கின் பெரும்பகுதி போனது, சில ஒதுக்கீட்டு நிலங்கள் மட்டும் செனகாக்களிடம் மிஞ்சின. ஹாலந்து நிலக் கம்பெனிக்காக ஜோசஃப் எல்லிகாட் முப்பது லட்சம் ஏக்கருக்கும் மேலான அந்த இடத்தைக் கட்டம் கட்டமாக அளந்து 1800இல் வரைபடம் போட்டார். அந்தக் கட்டங்களுக்கு நடுவே ஒதுக்கீடுகள் ஒட்டுப்போட்ட துணி போலத் தெரியும்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனமில்லை. மேரி ஜெமிசன், சிறு வயதில் பிடித்து வரப்பட்டு செனகாவாகவே வாழ்ந்த வெள்ளைக்காரப் பெண், தனக்கும் ஜெனிசி கரையில் கார்டோ என்ற இடத்தில் நிலம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். எல்லையைச் சொல்லச் சொன்னார்கள். இந்த ஓடை, அந்த மேடு, அங்கிருந்து இந்த இடம் என்று வாயால் சொல்லிக்கொண்டே போனார். சின்னத் துண்டாகத்தான் இருக்கும் என்று நினைத்து தாமஸ் மாரிஸ் ஒப்புக்கொண்டார். பின்னால் சங்கிலி போட்டு அளந்தால் 17,927 ஏக்கர். நிலத்தைக் காலால் அறிந்தவருக்கும் காகிதத்தில் அறிந்தவருக்கும் நடுவே நடந்த பேரத்தில் காகிதக்காரர் ஏமாந்தது இந்தக் கோப்பு முழுக்கவே அபூர்வமான காட்சி. ஆலை மனைக் கணக்குக்கு இது பதில் என்று எனக்குத் தோன்றும், பதில் ரொம்பச் சின்னதுதான் என்றாலும்.

மோசமான காகிதம் ஜெயித்த கதை

1810இல் முன்னுரிமை ஆக்டன் நிலக் கம்பெனிக்காரர்கள் கைக்குப் போனது. 1838 ஜனவரியில் பஃபலோ கிரீக்கில் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். மீதமிருந்த பஃபலோ கிரீக், கட்டராகஸ், அலெகனி, டோனவாண்டா என நான்கு ஒதுக்கீடுகளையும் 2,02,000 டாலருக்கு விற்றுவிட்டு செனகாக்கள் கான்சஸ் பக்கம் போய்விட வேண்டும். செனட்டுக்கே சந்தேகம் வந்து, திறந்த சபையில் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பியது. கையெழுத்துகள் சபைக்கு வெளியே சேர்ந்தன. சில தலைவர்களோடு கம்பெனி தனித்தனியாகப் பணத்துக்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களைக் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சமயக் குழுவினர் தேடிப் பிடித்து, கடிதங்கள், வாக்குமூலங்கள், தலைவர்களின் பட்டியல் எல்லாவற்றோடும் 1840இல் அச்சிட்டார்கள். கள ஆய்வு என்றால் அதுதான். கையெழுத்துப் பட்டியலை எடுத்து, இவர் தலைவரா, இவர் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அதைவிட வியப்பு, ஜனாதிபதி வான் ப்யூரனே 1840 ஜனவரியில் செனட்டுக்கு அனுப்பிய செய்தியில் செனகா தலைவர்களின் சம்மதம் முறையற்ற வழியில் பெறப்பட்டது என்று நம்ப எல்லாக் காரணமும் இருக்கிறது என்று எழுதினார். சரி, அப்படியானால் கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று நினைப்போம். செனட்டில் வாக்கு சமமாக நிற்க, துணை ஜனாதிபதி தன் வாக்கைப் போட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றினார். அந்த ஏப்ரலில் வான் ப்யூரன் அதைப் பிரகடனமும் செய்தார்.

எதிர்ப்பு ஓயாததால் 1842இல் ஒரு சமரசம்: அலெகனியும் கட்டராகஸும் செனகாக்களிடம் திரும்பின, பஃபலோ கிரீக்கும் டோனவாண்டாவும் போயின. டோனவாண்டா மக்கள் அதையும் ஏற்கவில்லை. மதிப்புப் போட வந்தவர்களை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள், பதின்ம வயது எலி பார்க்கரை மொழிபெயர்ப்பாளராக வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள், மனு மேல் மனு எழுதினார்கள். 1857இல், கான்சஸ் நிலத்துக்கு ஈடாக வந்த பணத்தைக் கொண்டு, தங்கள் சொந்த நிலத்தில் 7,549 ஏக்கரைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். தோற்ற காகிதத்தைப் பணம் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது, ஆனாலும் மீட்டார்கள். அந்த எலி பார்க்கர்தான் 1865இல் அப்போமாட்டாக்ஸில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், தென்மாநிலப் படைத்தலைவர் லீயின் சரணாகதி விதிகளைத் தன் கையால் படியெடுத்தவர்.

நல்ல காகிதம் தோற்ற கதை

இப்போது அலெகனிக்கு வருவோம். 1797இல் அங்கே ஒதுக்கிய நிலத்தின் வடிவத்தை வரைபடத்தில் பார்த்தால் ஒரு நாடா மாதிரி இருக்கும். ஆற்றின் இரண்டு கரையிலும் சுமார் அரை மைல், நீளம் சுமார் 40 மைல், ஆறு வளையும் இடமெல்லாம் நாடாவும் வளையும். காரணம் எளிது: சுற்றிலும் செங்குத்தான குன்றுகள், விதைக்கவும் வீடு கட்டவும் மீன் பிடிக்கவும் ஆற்றோரச் சமவெளிதான். அன்றைக்குக் கேட்டு வாங்கியபோது அது புத்திசாலித்தனமான கோடு. நூற்றைம்பது வருடம் கழித்து அணை கட்டுபவரின் மேசையில் அதே கோடு நீர்த்தேக்கத்தின் எல்லைக்கோடாகத் தெரிந்தது. தேங்கும் தண்ணீர் எங்கே நிற்குமோ, அங்கேதான் செனகாக்களின் ஊர்கள் இருந்தன.

1936 மார்ச்சில் பிட்ஸ்பர்க்கை வெள்ளம் மூழ்கடித்தது. அதன் பிறகு வந்த வெள்ளத்தடுப்புச் சட்டங்களின் கீழ் ராணுவப் பொறியாளர் படை அலெகனி ஆற்றில் கின்ஸுவா என்ற இடத்தைக் குறித்து வைத்தது. ஐம்பதுகளில் வேலை சூடு பிடித்தபோது செனகாக்கள் 1794 ஒப்பந்தத்தோடு நீதிமன்றம் போனார்கள். மறுப்பதோடு நிற்காமல் மாற்றுத் திட்டமும் கொடுத்தார்கள். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முன்னாள் தலைவர் ஆர்தர் மோர்கன், வெள்ள நீரைக் கோனவாங்கோ பள்ளத்தாக்கு வழியாக ஈரி ஏரிக்குத் திருப்பிவிடலாம் என்று வரைந்து காட்டினார். முடியாது என்று யாரும் சொல்லவில்லை, செலவு அதிகம் என்றார்கள்.

1958இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது எளிமையானது. ஒப்பந்தம் இருக்கிறது, பொருளும் தெளிவு. ஆனால் நாடாளுமன்றம் நினைத்தால் ஒப்பந்தத்தை மீறலாம், இங்கே அப்படி நினைத்திருக்கிறது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. பிறகு மிஞ்சியது கடிதம்தான்.

1960 அக்டோபரில், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, பூர்வகுடிகளின் சம்மதம் இல்லாமல் ஒப்பந்த உறவுகளில் எந்த மாற்றமும் இருக்காது என்று ஜான் கென்னடி எழுதிக் கொடுத்திருந்தார். வென்றார். செனகா தேசத்தின் தலைவர் பசில் வில்லியம்ஸ் அவருக்கு எழுதினார், அணையை நிறுத்தி மாற்றுத் திட்டத்தைச் சுதந்திரமாக ஆராயச் சொல்லி. 1961 ஆகஸ்ட் 9 தேதியிட்ட பதில் மரியாதையான கடிதம். உங்கள் எதிர்ப்பின் காரணங்கள் புரிகின்றன, முக்கியமான உரிமைகளும் ஆழ்ந்த உணர்வுகளும் இதில் அடங்கியிருக்கின்றன, பரிசீலித்துவிட்டேன், நடந்துகொண்டிருக்கும் கட்டுமானத்தை நிறுத்த இயலாது. இழப்பீட்டுக்கும் மறுகுடியமர்வுக்கும் துறைகளை உதவச் சொல்கிறேன். 1790 பதிலை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றைக்கு, நடந்தது எனக்கு முன்னால் நடந்தது, இனிமேல் காப்பேன் என்றார் ஒருவர். இவருக்கும் அது முன்னால் தொடங்கிய வேலைதான். ஆனால் காப்பேன் என்று சொன்ன அந்த ‘இனிமேல்’ இவருடைய காலத்தையும் சேர்த்ததுதானே.

அணை 1965இல் முடிந்தது. அலெகனி ஒதுக்கீட்டில் சுமார் 10,000 ஏக்கர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எடுக்கப்பட்டது. சுமார் 600 பேர் வெளியேறினார்கள். இழப்பீட்டுச் சட்டம் 1964 ஆகஸ்டில்தான் வந்தது, சுமார் 1.5 கோடி டாலர். காலி செய்த வீடுகளைக் கொளுத்தினார்கள். பிராட்ஹெட் 1779இல் எரித்த அதே ஆற்றோரம். கோல்ட்ஸ்பிரிங்கில் இருந்த, சமயச் சடங்குகள் நடக்கும் நீள்வீடு இடம் மாறியது. பென்சில்வேனியா அரசு கார்ன்பிளான்டருக்கென்று தனியாகக் கொடுத்திருந்த நிலமும் தண்ணீருக்குள் போனது, அவருடைய தாய்க்கு வேறு தந்தையால் பிறந்த சகோதரர் ஹாண்ட்சம் லேக் 1799இல் தரிசனம் கண்டு செனகா சமயத்தைப் புதுப்பித்த இடம் அது. வாஷிங்டனிடம் நேரில் போய் உறுதிமொழி வாங்கி வந்த அந்த மனிதரின் எலும்புகளையும் தோண்டி எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. கனன்டேகுவா ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு, வருடத்துக்கு 4,500 டாலருக்குத் துணியும் பொருட்களும் கொடுக்கச் சொல்கிறது. அந்தத் துணியை அமெரிக்க அரசு இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது பிரிவை மீறிய பிறகும். தொகை 1794இல் எழுதியதேதான். விலைவாசி ஏற ஏற, ஆளுக்குக் கிடைக்கும் துண்டு சின்னதாகிக்கொண்டே வருகிறது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி என்று அதை அவர்கள் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைக்கிறார்கள்.